மெர்டேக்கா லீவு மூணு நாள்: புத்ராஜெயாவா, பினாங்கா, வேலையா, பாட்டி வீடா?

மெர்டேக்கா, அதான் நம்ம மலேசியாவோட சுதந்திர தினம், இந்த 2026ல ஆகஸ்ட் 31 திங்கக்கிழமையில வருது. சனி ஞாயிறோட சேந்து மூணு நாள், யாரும் பாஸ்கிட்ட போயி ஒரு நாள் லீவுக்குக் கெஞ்ச வேணாம். 2024ல சனிக்கிழமையில வந்து எங்கள மாதிரி அஞ்சு நாள் வேலைக்காரங்களுக்கு அது அப்படியே கரைஞ்சு போச்சு, அதனால இந்த தடவ எங்க வீட்டுல ஜூன் மாசத்துல இருந்தே பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்காரருக்கு பினாங்கு போகணும், பெரியவனுக்கு மறுபடியும் ஊர்வலம் பாக்கணும், என் தம்பி வேலைக்குப் போயி காசு பாக்கறேங்கறான், எனக்கு பேராக்ல சுங்கை சிப்புட்ல இருக்கற பாட்டி வீடு. இந்த நாலையும் ஏதோ ஒரு வருஷம் எங்க வீட்டுல செஞ்சு பாத்தாச்சு, அதனால எது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன், கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல்ல இருந்து கிளம்புற ஒரு குடும்பத்தோட கணக்குதான் இது.

முதல்ல தேசிய தின ஊர்வலம். 2023ல புத்ராஜெயாவுக்குப் போனோம். எங்களுக்கு ஒரு வசதி, செந்தூல் பாராட்ல எம்ஆர்டி ரயில் ஏறினா மாறாமலே நேரா புத்ராஜெயா சென்ட்ரல், அங்க இருந்து பஸ்ஸு. காடி எடுத்துட்டுப் போறவங்களப் பாத்தா பாவமா இருக்கும், ரோடு எல்லாம் மூடியிருப்பாங்க, எங்கயோ நிறுத்திட்டு புள்ளைங்களத் தூக்கிட்டு நடப்பாங்க. நாங்க இருட்டோட எந்திரிச்சு, நாசி லெமாக் பொட்டலம் நாலு, தண்ணி போத்தல், தொப்பி, ஒரு பழைய பாயி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயும் முன்வரிசை கிடைக்கல. உண்மையச் சொல்லணும்னா அணிவகுப்பு முழுசா கண்ணுல தெரியணும்னா வீட்டுல டிவி1 போட்டு உக்காந்து பாக்கறதுதான் நல்லது, கூட்டத்துல நின்னா பாதி நேரம் முன்னாடி இருக்கறவரு தலைதான் தெரியும். ஆனா மாமன்னர் வந்ததும் தேசிய கீதம் நெகாராகூ ஆரம்பிச்சப்ப ஆயிரக்கணக்கான பேரு ஒரே நேரத்துல வாயத் தொறந்து பாடினாங்க பாருங்க, அது டிவில வராது. என் மகனுக்கு அப்ப ஆறு வயசு, ஸ்கூல் அசெம்பிளில வாயசைக்கிற பையன் அன்னைக்கு கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான்.

அதவிட எனக்கு மறக்காதது எல்லாம் முடிஞ்சப்புறம் நடந்ததுதான். பஸ்ஸுக்குப் போற வழியில ஊர்வலத்துல நடந்த தாதியர் கொஞ்ச பேரு ரோட்டோரத் திண்டுல உக்காந்து சப்பாத்தக் கழட்டி வச்சிருந்தாங்க, ஒருத்தங்க குதிகால்ல பிளாஸ்தர் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க, வெள்ளைக் காலுறையில ரத்தம் லேசா ஊறியிருந்துச்சு. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். "அக்கா வலிக்குதா?"ன்னு என் மகன் கேட்டான். "ரெண்டு வாரமா வெயில்ல நடந்து பழகினோம் தம்பி, இன்னைக்குத்தான் புது சப்பாத்து போடச் சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு அவனுக்கு உக்காந்தபடியே ஒரு சல்யூட் அடிச்சாங்க. அவன் அந்த சல்யூட்ட ஒரு வாரத்துக்கு வீட்டுல எல்லாருக்கும் அடிச்சிக்கிட்டு இருந்தான்.

சின்னவளுக்குத்தான் ஒத்துக்கல. அப்ப மூணு வயசு, சுகோய் விமானம் தலைக்கு மேல போனதும் அலறி, அப்பா தோள்ல முகத்தப் பொதச்சவ வீடு வர்ற வரைக்கும் எடுக்கல. அதனால என் கணக்கு இதுதான்: ஆறு வயசுக்கு மேல புள்ளைங்க இருந்தா ஒரு தடவையாவது நேர்ல கூட்டிட்டுப் போங்க, அதுக்குக் கீழ இருந்தா டிவி போதும். எங்க நாலு பேருக்கும் ரயிலு சாப்பாடு கொடி எல்லாம் சேத்து அறுபது வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிஞ்சிச்சு.

பினாங்கு வேற கதை. எனக்கு அந்த ஊரு ரொம்பப் புடிக்கும், காலையில ஏழு மணிக்கு லெபோ பாசார் பக்கம் பூக்கடை தொறக்கற நேரத்துல நடந்து, 1833ல கட்டின குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டு, அப்படியே பசியாறப் போறது மாதிரி சுகம் வேற எந்த ஊர்லயும் இல்ல. ஆனா மெர்டேக்கா லீவுல அந்த பினாங்கு உங்களுக்குக் கிடைக்காது. 2024ல வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினோம், கேஎல்ல இருந்து சுமார் 350 கிலோமீட்டர், சாதாரணமா நாலரை மணி நேரத்துல போயிடலாம், அன்னைக்கு எட்டு மணி நேரம். சிலிம் ரிவர்லயே ஆமை மாதிரி நகர ஆரம்பிச்சு, தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்துல கழிவறைக்கு மட்டும் அரை மணி நேரம் வரிசை, சின்னவ அதுக்குள்ள காடியிலயே போயிட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டோரத்துல நின்னு அவளுக்கு உடுப்பு மாத்தினேன். விடிஞ்சு போயி சேந்தா, நாங்க பணம் கட்டி எடுத்திருந்த ஹோம்ஸ்டேல வேற குடும்பம் தூங்கிக்கிட்டு இருக்கு. ஒரே வீட்ட ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்காங்க. பணத்த திருப்பி வாங்கவே ஒரு மாசம் ஆச்சு. அன்னைக்கு வேற ரூம் தேடினா விலை ரெட்டிப்பு, கொடிமலை ரயிலுக்குக் கூட்டம், நாசி கண்டார் கடையில வெயில்ல முக்கா மணி நேரம். ரெண்டு ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல போச்சு, திரும்பி வந்து வேலைக்குப் போறப்ப லீவுக்கு முன்னாடி இருந்தத விட அசதி.

வீட்டுக்காரரு இன்னமும் ரயில்ல பட்டர்வொர்த் போயி பெர்ரி ஏறலாங்கறாரு. அது நல்ல யோசனைதான், பாலத்து ஜாம் இருக்காது, புள்ளைங்களுக்கும் கப்பல் புடிக்கும். ஆனா தங்கற செலவும் கூட்டமும் மாறாதே. பினாங்க ஒரு சாதாரண வாரத்துக்கு வச்சிக்கங்க, அது எங்கயும் ஓடிடாது.

அடுத்தது வேலைக்குப் போறது. இத யாரும் லீவு பிளான்ல சேக்க மாட்டாங்க, ஆனா நம்ம ஆளுங்க எத்தன பேரு அன்னைக்கு செக்கூரிட்டி உடுப்புலயும் ஆஸ்பத்திரிலயும் கிடங்குலயும் நிக்கிறாங்கன்னு பாருங்க. என் தம்பி ஷா ஆலாம்ல ஒரு கிடங்குல இருக்கான், போன ரெண்டு வருஷமும் மெர்டேக்கா அன்னைக்கு வேலைதான் செஞ்சான். கணக்கு தெரிஞ்சு செய்யறவங்களுக்கு இது மோசமில்ல. 1955 வேலைச் சட்டப்படி தேசிய தினம் கட்டாயப் பொது விடுமுறை அஞ்சுல ஒண்ணு, அன்னைக்கு வேலைக்குக் கூப்பிட்டா வழக்கமான சம்பளத்துக்கு மேல ரெண்டு நாள் கூலி தரணும், நாலாயிரம் வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்கு இது பொருந்தும். ஒரு நாள் கூலிங்கறது மாசச் சம்பளத்த 26ஆல வகுக்கறது, அப்ப ரெண்டாயிரம் வெள்ளி சம்பளக்காரருக்கு அன்னைக்கு ஒரு நாளைக்குக் கூடுதலா சுமார் 154 வெள்ளி வரணும். "காசுக்குப் பதிலா இன்னொரு நாள் லீவு எடுத்துக்க"ன்னு இந்த அஞ்சு நாளையும் மாத்தி விட முடியாது. இதெல்லாம் ஏன் இவ்ளோ விவரமா எழுதறேன்னா என் தம்பி முன்ன இருந்த இடத்துல ரெண்டு வருஷம் ஒரு நாள் கூலிதான் கொடுத்தாங்க, அவனும் சரின்னு வாங்கிட்டு வந்தான், கேக்கத் தெரியல. சம்பளச் சீட்ட வாங்கிப் பாருங்க, தப்பா இருந்தா தொழிலாளர் இலாகாவுல புகார் கொடுக்கலாம். ஆனாலும் அவங்கிட்ட நான் சொன்னது, வருஷா வருஷம் வேணாம்டா, கடன் இருந்தா இந்த வருஷம் செய்யி.

எங்கயும் போகாம கேஎல்லயே இருக்கறவங்க பாதிப்பேரு மாலுக்குத்தான் போறாங்க, அத நான் குறை சொல்லல, ஏர்கோன்ல புள்ளைங்க ஓடியாடும். ஆனா அரை நாள ஒதுக்கி இப்படி ஒண்ணு செஞ்சு பாருங்க. காலையிலயே மஸ்ஜித் ஜாமெக்ல எறங்கி டத்தாரான் மெர்டேக்காவுக்கு நடங்க. 1957 ஆகஸ்ட் 30 நடுராத்திரி வெள்ளைக்காரன் கொடிய எறக்கி நம்ம கொடிய ஏத்தினது அந்தத் தெடல்லதான், எதுத்தாப்புல இருக்கற சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897ல இருந்து நின்னுக்கிட்டு இருக்கு. அங்க இருந்து 678.9 மீட்டர் உசரத்துக்கு நிக்கற மெர்டேக்கா 118 கட்டடத்தப் பாத்துக்கிட்டே நடந்தா அதோட காலடியில ஸ்டேடியம் மெர்டேக்கா, மறுநாள் காலையில முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு தடவ மெர்டேக்கான்னு முழங்கின இடம். அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ் போயி வாழையில சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்ததும் ரோட்டுப் பேர்ப்பலகையக் காட்டி "துன் சம்பந்தன் யாரு?"ன்னு புள்ளைங்கள ஒரு கேள்வி கேளுங்க. என் மகனுக்குத் தெரியல. எனக்கே அந்தப் பேரு மோனோரயில் ஸ்டேஷனா மட்டும்தான் ரொம்ப நாளு தெரியும்.

மெர்டேக்கா காலத்துல மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரா இருந்தவரு. அவரு ஊருதான் எங்க பாட்டி ஊரு, சுங்கை சிப்புட்.

போன வருஷம் அங்கதான் போனோம். பெருசா செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, மத்தியானம் கோழி வறுவல், சாயங்காலம் பாசார் மாலாம்ங்கற ராச்சந்தை, புள்ளைங்களுக்கு வைஃபை கிடைக்காம ஒரே நச்சரிப்பு. மெர்டேக்கா அன்னைக்குக் காலையில டிவி ஓடிக்கிட்டு இருந்தப்ப நான் சும்மா கேட்டேன், "பாட்டி, அந்த நாளு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" பாட்டிக்கு அப்ப 14 வயசு, ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டற அம்மாவுக்கு வாளி தூக்கிட்டுப் போற வயசு. தோட்டத்து கணக்கரான கிராணி வீட்டு ஜன்னல்ல ரேடியோவ வெளிப்பக்கமா திருப்பி வச்சாங்களாம், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) சனம் எல்லாம் வாசல்ல குந்திக்கிட்டுக் கேட்டாங்களாம், மலாய்ல பேசினது பாதி வெளங்கல, ஆனா ஏழு தடவ கத்தினத எண்ணினாங்களாம். "அன்னைக்கு தொரை பெரட்டு வைக்கல, அதுதான் எங்களுக்கு சொதந்திரம்"னாங்க. பெரட்டுன்னா காலையில வேலைக்கு ஆளுங்கள நிறுத்தி பேர் கூப்பிடறது.

அப்புறம் எந்திரிச்சுப் போயி ஒரு மைலோ டின்ன எடுத்துட்டு வந்தாங்க. உள்ள கொள்ளுப்பாட்டியோட சிவப்பு ஐசி, அதான் குடியுரிமை இல்லாம இங்க தங்கியிருக்கறவங்களோட அடையாள அட்டை, குடிமக்களுக்கு நீலம். அவங்க தமிழ்நாட்டுல பொறந்து பதினாறு வயசுல கப்பல் ஏறி வந்தவங்க, சாகற வரைக்கும் சிவப்புதான். எங்க பாட்டி இங்கயே பொறந்தவங்க, ஆனா ஜப்பான்காரன் காலத்துல பொறந்ததால சூராட் பெரானாக்னு சொல்ற பொறப்புச் சான்றிதழ் இல்ல, நீல ஐசிக்கு அலையா அலைஞ்சிருக்காங்க, 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட்டுன்னு வந்தப்ப பக்கத்து லயத்துல நாலு குடும்பம் ஊருக்கே திரும்பிப் போச்சாம், அதுல ஒண்ணு பாட்டியோட உசுருத் தோழி. சின்னத் தாத்தா மட்டும் 1958 ஜனவரில பொறந்தவரு. அப்ப இருந்த சட்டப்படி 1957 ஆகஸ்ட் 31ல இருந்து இந்த மண்ணுல பொறந்த குழந்தைக்குப் பொறப்பாலயே குடியுரிமை, 1962ல அத மாத்திட்டாங்க, ஆனா அவருக்குக் கிடைச்சது கிடைச்சதுதான். ஒரே லயத்து வீட்டுல அம்மா சிவப்பு, அக்கா இழுபறி, தம்பி நீலம். என் மகன் அந்த சிவப்பு ஐசிய வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தான், "பாட்டி இவங்க மலேசியன் இல்லையா?"ன்னு கேட்டான். பாட்டி கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எங்கம்மா நாப்பது வருஷம் இங்க மரம் வெட்டினாங்க அய்யா"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதே டின்னுல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குச் சீட்டும் இருந்துச்சு. தோட்டத்தையெல்லாம் துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, 1960ல சம்பந்தன் ஆரம்பிச்சது, தோட்டத்து ஆளுங்கள பத்துப் பத்து வெள்ளியா கட்டச் சொல்லி அந்தப் பணத்துல தோட்டம் வாங்கினாங்க. எங்க தாத்தா அந்தப் பத்து வெள்ளிக்காக மீன் வாங்கறத நிறுத்தினாராம். இப்ப பெயர்ப்பலகையில பாக்கற பேரு என் மகனுக்கு அந்த மீன் இல்லாத சோறாதான் ஞாபகம் இருக்கு.

அதனால என் ஓட்டு பாட்டி வீட்டுக்குத்தான். ஊர்வலம் அடுத்த வருஷமும் நடக்கும், பினாங்கும் அங்கதான் இருக்கும். பாட்டிக்கு இந்த வருஷம் 83, போன தீபாவளிக்கே என்னை அம்மான்னு நெனச்சு ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. தாத்தா பாட்டி ஊருல யாரும் மிச்சம் இல்லாதவங்க புத்ராஜெயா போங்க, புள்ளைங்க சின்னதுன்னா கேஎல்ல அந்த அரை நாள் நடை, கடன் நெருக்கினா வேலை. ஆனா 1957 ஞாபகம் இருக்கற ஒருத்தர் உங்க குடும்பத்துல இன்னும் உக்காந்து பேசற நெலமையில இருந்தா, போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி முன்னாடி வச்சிட்டுக் கேளுங்க, போன வருஷம் நான் அத செய்யல.

ரயில்லயே போயிடலாம், கேஎல் சென்ட்ரல்ல இருந்து இடிஎஸ் சுங்கை சிப்புட்ல நிக்கும், சுமார் மூணு மணி நேரம், ரோட்டு ஜாம் நமக்கு ஒட்டாது. போறதுக்கு சனிக்கிழமை மத்தியானத்துக்கு நாலு சீட்டு போட்டாச்சு, வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. திங்கக்கிழமை திரும்பறதுக்குத்தான் இன்னும் கிடைக்கல, இல்லன்னா ஈப்போ போயி அமான்ஜெயாவுல பஸ் ஏற வேண்டியதுதான். பாட்டி பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து மல்லியப்பூ ரெண்டு முழம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, கொள்ளுப்பாட்டி படத்துக்கு.