கன்னேரிமுக்கு சலிவன் பங்களா: படங்களுக்காக ஒரு முற்பகல்

கோத்தகிரியிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கன்னேரிமுக்கு என்னும் படகர் ஊரில், கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1819இல் கட்டிக்கொண்ட பங்களா நிற்கிறது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இப்போது நீலகிரி வரலாற்றுக்கான அருங்காட்சியகமாக விளங்கும் இவ்வீட்டை அரண்மனை என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாந்து போவார்கள். பளிங்குத் தரையும் சரவிளக்கும் தேடுவோருக்கு ஊட்டியில் வேறு இடங்கள் உண்டு. இங்கே பார்க்க வேண்டியவை சுவரிலுள்ள படங்கள்.

பழைய புகைப்படங்களும் சித்திரங்களின் அச்சுப்படிகளும் மலையின் இருநூறு ஆண்டுகளைக் காட்டுகின்றன. வாசலிலேயே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வாடகை வண்டிக்காரர் அரைமணி நேரம் போதும் என்றார். எனக்கு இரண்டு மணி நேரமும் போதவில்லை. இம்மலையில் நெடுங்காலமாக வாழும் தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரின் முகங்களுக்கு முன் நிற்கையில், நீலகிரியை ஒருவர் ‘கண்டுபிடித்தார்’ என்று பள்ளியில் படித்தது எவ்வளவு அரைகுறையான செய்தி என்பது விளங்குகிறது. வெளியாரைக் கணக்கிட்டாலுங்கூட, 1603இலேயே ஃபினிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் இம்மலைக்கு வந்து சென்றிருக்கிறார். சலிவன் செய்தது வேறு: 1822இல் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார், ஏரியை உருவாக்கினார், ஐரோப்பியக் காய்கறிகளை இம்மண்ணில் பயிரிட்டுப் பார்த்தார். நம் சந்தைகளில் இன்றும் கேரட்டையும் பீட்ரூட்டையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தை முதன்மையாக விரும்புபவர்கள் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் சென்று ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. 1848இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய அப்பூங்கா சரிவிலேயே படிப்படியாக ஏறுவதால் முதியவர்களுக்கு நடை சற்றுக் கடினம். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் பூக்களைவிடத் தலைகளே அதிகம் தெரியும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுடையதாகச் சொல்லப்படும் கல்மரத்தைப் பலர் படமெடுக்கிறார்கள், நின்று பார்ப்பவர்கள் குறைவு.

ஆயினும் என்னை நிறுத்தியது பூங்காவின் மேற்பகுதியிலுள்ள தோதவர் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு. கன்னேரிமுக்கில் சித்திரமாகக் கண்ட, நிலத்தைத் தொடும் அந்த வளைந்த கூரையும், தவழ்ந்துதான் நுழைய முடியும் என்னுமளவுக்குச் சிறிய வாசலும் இங்கே நேரில் காணக்கிடைக்கின்றன. அச்சுப்படியில் கூரையின் வளைவு ஓவியரின் மிகை என்றே நினைத்திருந்தேன், மிகையன்று. வெண்ணிறத் துணியில் நூலிழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கப்படும் பூத்துக்குளிப் போர்வையும் இம்மக்களின் கைவேலைதான். அந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறி, மூடுபனி இறங்குவதற்கு முன், முற்பகலிலேயே பங்களாவை முடித்துக்கொண்டால், சித்திரம் கண்ணில் இருக்கும்போதே மந்துக்குப் போய்ச் சேரலாம்.