நாலு வருஷம் ஒரு இலக்கணத் திருத்தியோடு: 'ஐ'யா, 'மீ'யா?

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் (buyer) ஆர்டரைக் கவனிப்பது. துணி தெரிந்தால் மட்டும் போதாது, தினமும் முப்பது நாற்பது மெயில் இங்கிலீஷில் தட்ட வேண்டும். 2021-ல் பிரவுசரில் ஒரு இலக்கணத் திருத்தியைச் சேர்த்தேன். முதல் ஆறு மாதம் இலவசமாக ஓட்டினேன், அப்புறம் காசு கட்டி. புரோநவுன் (ஐ, மீ, ஷீ, தே மாதிரி பிரதிப்பெயர்) விஷயத்தில் அது எனக்கு எப்படி உழைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வடிவப் பிழையை அது விடவே விடாது. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று அடித்தால் உடனே சிவப்புக் கோடு, 'மீ' போடச் சொல்லும். நம்மூர் 'மைசெல்ஃப்' வியாதி குணமானதும் இதனால்தான். 'ப்ளீஸ் சென்ட் தி ஃபிட் கமென்ட்ஸ் டு மைசெல்ஃப்' என்று எழுதினால் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினம் திட்டு வாங்கி வாங்கி ஒரு வழி பிடிபட்டது: கூட இருக்கும் ஆளைத் தூக்கிவிட்டுப் படிப்பது. 'கால் மை மேனேஜர் அண்ட் ஐ' சரியா? மேனேஜரை எடுத்துவிட்டால் 'கால் ஐ'. காதே முகம் சுளித்துவிடும். இப்போதெல்லாம் அந்தக் கோடு எனக்கு அபூர்வம்.

ஆணா பெண்ணா என்பதில் அது ஊமை. ஆண்ட்ரியா ஜெர்மனியில் பெண் பெயர், இத்தாலியில் ஆண் பெயர். மிலானிலிருந்து வந்த ஒரு பையரை இரண்டு மாதம் 'ஷீ' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தில் பிழை இல்லையே, திருத்தி பாவம் என்ன செய்யும்? தமிழில் 'அவர்' என்று போட்டுத் தப்பித்திருப்பேன். இப்போது ஆள் யாரென்று தெரியாதவரை 'தே'தான். பன்மையை ஒருத்தருக்குப் போடலாமா என்று பள்ளிக்கூட நினைப்பு உறுத்தியது. ஆனால் இங்கிலீஷில் அந்த வழக்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019-ன் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும் இதே 'தே'யைத்தான். நம் 'அவர்' மட்டும் என்ன, பலரைக் குறித்த சொல்தானே மரியாதைக்காக ஒருத்தருக்கு வந்தது? ஒரே ஆள் என்றாலும் 'தே ஆர்'தான், 'தே இஸ்' கிடையாது. அதைத் திருத்தி கவனித்துக்கொள்கிறது.

'லதா டோல்ட் மீனா தட் ஹர் லீவ் வாஸ் அப்ரூவ்ட்.' யாருடைய லீவு? தமிழில் 'தன் லீவு' என்றால் லதாவுடையது, 'அவள் லீவு' என்றால் மீனாவுடையது என்று பெரும்பாலும் பிரிந்துவிடும். இங்கிலீஷில் 'ஹர்' இரண்டு பக்கமும் சாயும். திருத்தி பச்சைக்கொடி காட்டும். கூச்சப்படாமல் பெயரையே இன்னொரு தடவை எழுதுவதுதான் நான் கண்ட வழி.

என்னை உண்மையிலேயே கவிழ்த்தது 'வீ'. போன வருஷம் ஒரு ஷிப்மென்ட் தாமதம். பையர் லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் கொடுக்கவே மூன்று வாரம் ஆக்கினார், நாங்களும் சாயம் போடுவதில் கொஞ்சம் இழுத்துவிட்டோம். விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். செலவை இரண்டு பேரும் பகிரலாம் என்ற நினைப்பில் 'வீ நீட் டு பேர் தி ஏர் ஃப்ரைட்' (விமானச் செலவை ஏற்க வேண்டும்) என்று எழுதினேன். என் மனசில் இருந்தது 'நாம்'. பையர் படித்தது 'நாங்கள்'. ஒரே வரியில் நன்றி சொல்லி மெயிலை முடித்துவிட்டார். திருத்தி அந்த வாக்கியத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தது. அன்றிலிருந்து பணம் வரும் வரியில் 'வீ' எழுதுவதில்லை. 'போத் ஆஃப் அஸ்' அல்லது 'அவர் ஃபேக்டரி' (our factory), இரண்டில் ஒன்று.

மார்ச்சில் சந்தா முடிகிறது, புதுப்பிக்கத்தான் போகிறேன். ஏர் ஃப்ரைட் மெயில் மட்டும் எம்.டி. கண்ணில் பட்ட பிறகே போக வேண்டும் என்று ஆபீஸில் உத்தரவு.