ஜிஆர் 3: கட்டைவிரலுக்கு வந்த வம்பு

கைமாறி வந்த ரிக்கோ ஜிஆர் 3 பாக்கெட் கேமரா ஒன்று கிடைக்கிறது, பாண்டியில் தெருப்படம் எடுக்கத் தோதுப்படுமா என்று நண்பர் கேட்டார். சென்சார், லென்ஸ் விவரமெல்லாம் அவருக்கே தெரியும். கையில் பிடித்து நடந்தால் தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

இதன் உயிரே ஸ்னாப் ஃபோகஸ்தான், அதாவது ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிறுத்தி வைப்பது. மெனுவில் ஃபுல் பிரஸ் ஸ்னாப்பை ஆன் செய்து, தூரத்தைக் குறித்துவிடுங்கள். அப்புறம் ஷட்டரைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், ஃபோகஸ் தேடாமல் படம் விழும். லென்ஸ் திறப்பு எஃப் 8 (எண் கூடினால் திறப்பு சிறுக்கும், தெளிவாக விழும் தூரம் நீளும்), தூரம் 2.5 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1.2 மீட்டர் தொடங்கி கடல்வரை தெளிவு. பெரிய மார்க்கெட் உள்ளே வெளிச்சம் குறைவு, எஃப் 5.6, 1.5 மீட்டர் வையுங்கள். ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குச் சற்று முன்புவரைதான் தெளிவு கிடைக்கும். மீன்கூடைக்கு எதிரே போய் நின்றாக வேண்டும். எட்ட நின்று எடுத்தால் படம் சப்பென்றிருக்கும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, திரையும் மடங்காது. கடற்கரைச் சாலை வெயிலில் அந்தத் திரை முகம் பார்க்கத்தான் உதவும். மனக்கணக்கு போடுங்கள்: இரண்டு மீட்டரில் குறுக்காகப் பிடித்தால் அகலம் 2.5 மீட்டர், உயரம் 1.7 மீட்டர். ஆள் முழுசாக வேண்டுமென்றால் நெட்டுக்குப் பிடிக்கணும், இல்லாவிட்டால் அரை மீட்டர் பின்வாங்கணும்.

இனி வயிற்றெரிச்சல். ஜிஆர் 2-இல் கட்டைவிரலுக்கடியில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தனி விசை இருந்தது. 2019-இல் வந்த ஜிஆர் 3-இல் அதை எடுத்துவிட்டார்கள். துமாஸ் வீதி, ரோமன் ரோலண்டு வீதி எல்லாம் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகிறவை. காலையில் மேற்குப் பக்கச் சுவரில் சுள்ளென்று வெயில், கிழக்குப் பக்கம் முழுக்க நிழல். வெள்ளைச் சுவர் படச் சட்டத்தை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி அதைச் சாம்பலாக்கிவிடும்; +0.7, சில சமயம் +1 ஏற்றணும். திரும்பி நிழலில் உட்கார்ந்திருப்பவரை வானத்தோடு சேர்த்து எடுத்தால், வானம் வெளுத்துவிடாமல் இருக்க −0.3. பத்தடிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டிய ஊர் இது! அந்த வேலையைப் பின்பக்கத்து ஏடிஜே நெம்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் தள்ளப்போய் உள்ளே அழுத்திவிட்டால் பட்டியல் விரியும். அதற்குள் சைக்கிள்காரர் சட்டத்தைத் தாண்டிப் போயிருப்பார். சும்மா குறை சொல்வதாக நினைத்தால், 2025-இல் வந்த ஜிஆர் 4-ஐப் பாருங்கள். விசை திரும்பி வந்திருக்கிறது.

ஓரளவு ஒப்பேற்ற வழி உண்டு. டயலில் யூ1, யூ2, யூ3 என்று நம் அமைப்புகளைச் சேமித்துவைக்க மூன்று இடம் உண்டு. யூ1-இல் வெயில்சுவர்: எஃப் 8, +0.7, 2.5 மீட்டர். யூ2-இல் நிழல்: அதே எஃப் 8, 2.5 மீட்டர், ஆனால் −0.3. யூ3 மார்க்கெட்டுக்கு, ஆட்டோ ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வைக் கேமராவே ஏற்றி இறக்கும் முறை) குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று கட்டிவிடுங்கள். நெம்பைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு நெருக்கமாகப் போய் எடுக்க வைக்கும் இன்னொரு பாக்கெட் கேமரா எனக்குத் தெரியாது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், ஜிஆர் 4-க்குக் காசு சேருங்கள். கேட்கமாட்டார். அப்படியே வாங்கினாலும் தூசியைப் பார்த்து வாங்கட்டும். நீண்டு சுருங்கும் லென்ஸ், தூசிக்காப்பு கிடையாது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணல்காற்றில் திறந்து மூடிய கேமராவாகவும் இருக்கலாம். எஃப் 16 வைத்து, ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் கரும்புள்ளிகள் தெரியும். ஒன்றிரண்டு ஓரத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நடுவில் இருந்தால் பிரித்துத்தான் துடைக்கணும், அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.