ஸெனோடோவில் ஆய்வுத் தரவு: இடம் நல்ல இடம், சரிபார்ப்பு உங்கள் வேலை

"தரவு வேண்டுவோர் ஆசிரியரைக் கேட்டுப் பெறலாம்" என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்த காலம் போய்விட்டது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் இதழ்கள் அந்த வரியை ஏற்பதில்லை. தரவைக் களஞ்சியத்தில் வைத்து, அதன் டிஓஐ எண்ணை (இணையத்தில் அந்தத் தரவை அடையாளம் காட்டும் நிலையான எண்) கொடுக்கச் சொல்கின்றன. பலரும் அப்போது போய்ச் சேரும் இடம் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியம். 2013 முதல் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வகம் அதை நடத்துகிறது. கட்டணம் கிடையாது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும் போடலாம். வெளியிட்ட சில நிமிடங்களில் டிஓஐ கிடைத்துவிடும்.

இவ்வளவு வேகமாகக் கிடைக்க ஒரு காரணம் உண்டு: உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. வெப்பநிலை கெல்வினிலா செல்சியஸிலா என்று எழுதாத கோப்புக்கும் டிஓஐ கிடைக்கும். அந்தச் சோதனையைத் தரவைப் போடுகிறவரே செய்தாக வேண்டும்.

முதலில் அளவு. ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்பு வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். காலநிலைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.25 பாகைக்கு ஒரு புள்ளி என்ற கட்டத்தில் உலகம் முழுவதற்கும் 1440 × 721 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 4.15 எம்பி, ஓர் ஆண்டுக்கு 1.5 ஜிபி, 30 ஆண்டுக்கு 45.5 ஜிபி. வெப்பநிலை போல ஒரே ஒரு மாறி, நாளுக்கு ஒரு மதிப்பு என்றால் அடங்கும். மழையையும் சேர்த்தால் அடங்காது.

இடத்தைக் குறைக்கப் பலர் 16 பிட் முழு எண்ணாகச் சுருக்குகிறார்கள். அளவு பாதியாகும், தவறு நுழைவதும் அங்கேதான். வெப்பநிலையின் வீச்சு 120 கெல்வின் என்றால் ஒரு படி (அடுத்தடுத்த இரு மதிப்புகளின் இடைவெளி) சுமார் 0.002 கெல்வின், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடுபட்ட புள்ளிகளில் -9999 என்று நிரப்பி, அதை விடுபட்ட மதிப்பாக அறிவிக்காமல் சுருக்கினால், வீச்சு பத்தாயிரத்தைத் தாண்டி ஒரு படி 0.16 கெல்வின் ஆகிவிடும். வரைபடத்தில் பார்த்தால் கண்ணுக்குப் படாது. பத்தாண்டுக்கு ஒரு பாகையின் பத்தில் சில பங்கு மட்டுமே மாறும் போக்கைத் தேடுகிறவருக்கு அந்தத் தரவு பயன்படாது. ஆகவே முதலில் மறைக்க வேண்டிய புள்ளிகளை மறையுங்கள், பிறகு சுருக்குங்கள், கடைசியில் திரும்ப விரித்து மூலத்தோடு கழித்துப் பாருங்கள்.

தரவைச் சிறு துண்டுக் கோப்புகளாகப் பிரித்து வைக்கும் ஸார் வடிவில் வைத்திருப்பவர்களுக்கு 100 கோப்பு வரம்பு உடனே இடிக்கும். நாளுக்கு ஒரு துண்டு என்றால் 30 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11,000 கோப்பு; கோப்புறைகளையும் ஸெனோடோ அப்படியே ஏற்காது. ஒரே ஜிப்பாகக் கட்டுங்கள். கோப்புறைக்கு உள்ளே போய், சுருக்கம் இல்லாமல் கட்டினால் பிரிக்காமலே படிக்கலாம். வெளியே நின்று கட்டினால் பாதையில் ஒரு படி கூடி, படிக்கும் நிரல் தடுமாறும்.

டிஓஐயை முன்கூட்டியே வாங்கி வைக்கும் வசதி மிக நல்லது. எண்ணை வாங்கிக் கோப்பின் பொதுப் பண்புகளிலும் கட்டுரையிலும் எழுதிவிட்டுப் பிறகு பதிவேற்றலாம். வெளியிடும் பொத்தானை அழுத்தும்வரை அந்த எண் உயிர் பெறாது என்பதை மறக்கக் கூடாது. கட்டுரை அச்சாகி, தரவு வரைவிலேயே கிடந்தால் படிப்பவருக்குச் செத்த இணைப்புதான் மிஞ்சும்.

ஒரு பதிவுக்கு இரண்டு டிஓஐ வரும்: ஒன்று அந்தப் பதிப்புக்கு, மற்றொன்று எல்லாப் பதிப்புக்கும் பொதுவானது. பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். கட்டுரையில் பதிப்பின் எண்ணைத்தான் போட வேண்டும்; இல்லாவிட்டால் நாளை நீங்கள் திருத்திய கோப்பை வைத்து நேற்றைய படத்தைச் சரிபார்க்க முயல்வார்கள். தலைப்பு, ஆசிரியர் பெயர் போன்றவற்றை எண் மாறாமல் திருத்தலாம். கோப்பைத் திருத்தப் பொதுவாகப் புதிய பதிப்பு வேண்டும்.

நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தோடு இணைப்பும் உண்டு. ஸெனோடோவில் இணைப்பை இயக்கிய பிறகு வெளியிடும் நிரல் பதிப்புகள் மட்டுமே சேரும். பழையவை தானாக வராது. உங்கள் நிரல் களஞ்சியத்துக்குள் இணைத்த துணைக் களஞ்சியங்களும் வராது. பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் எல்எஃப்எஸ் வசதியில் வைத்திருந்தால், கிட்ஹப் அமைப்பில் அவற்றைச் சேர்க்கச் சொல்லாதவரை அவற்றின் இடத்தைக் காட்டும் வெறும் சுட்டிக் கோப்புகளே சேரும். மாதிரி உள்ளீட்டுக் கோப்பு சில நூறு பைட்டாக இருந்தால் காரணம் இதுதான்.

கடல் படிவு உருளை, நீர் மாதிரி, உப்புத்தன்மை அளவீடு போன்ற அட்டவணைத் தரவு என்றால் ஸெனோடோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன், பிரேமன் நிறுவனங்கள் நடத்தும் பாங்கேயா என்ற புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்துக்குப் போங்கள். அங்கே தரவுப் பதிப்பாசிரியர் ஒருவர் நெடுவரிசை நெடுவரிசையாகப் பார்த்து அலகு என்ன, ஆழம் எங்கிருந்து அளந்தது, எந்த முறை என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியபின் உங்கள் அட்டவணையை முன்பின் தெரியாத ஒருவரும் பயன்படுத்தலாம். வாரக்கணக்கில் ஆகும் வேலை என்பதால், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஓடாமல், இதழுக்குக் கட்டுரையை அனுப்பும் நாளிலேயே அங்கேயும் விண்ணப்பித்துவிடுங்கள்.