பி.டி.டி. எடுத்துக்கொண்டேன்: தழும்பு இல்லை, ஆனால் அது ‘லேசான குறுகுறுப்பு’ம் இல்லை

நெற்றிப்பொட்டில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, ஆறாமல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது ஒரு சிவப்புத் திட்டு. பயாப்ஸியில் மேலோட்டமான பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்களில் இது சாது ரகம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. வெட்டி எடுக்கலாம், வீட்டிலேயே இமிக்விமோட் க்ரீம் தடவலாம், இல்லையென்றால் மருந்து பூசி ஒளி பாய்ச்சும் ஃபோட்டோடைனமிக் தெரபி (பி.டி.டி.) என்றார் டாக்டர். முகமாயிற்றே என்று மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன்.

பொருக்கை மெல்லச் சுரண்டிவிட்டு, திட்டைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே இந்த சிகிச்சைக்கென்று உள்ள க்ரீமைப் பூசி, வெளிச்சம் படாமல் கட்டிவிடுவார்கள். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கெட்ட செல்கள் அந்த மருந்தை உறிஞ்சி, போர்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் சிவப்பு ஒளி பட்டதும், அங்குள்ள ஆக்சிஜன் விஷமாகத் திரும்பி அந்த செல்களைக் கொல்கிறது. வெறும் க்ரீமாலும் ஒன்றும் ஆகாது, வெறும் வெளிச்சத்தாலும் ஒன்றும் ஆகாது.

கட்டைப் பிரித்ததும் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் காட்டினார் நர்ஸ். கையில் ஒரு சின்னக் கண்ணாடியும் கொடுத்தார். திட்டு பவழ நிறத்தில் ஜொலித்தது. கண்ணுக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டி, புருவத்துப் பக்கமாக ஒரு வால் நீண்டிருந்தது. அதை அதுவரை நானும் பார்த்ததில்லை, வீட்டில் வேறு யாரும் பார்த்ததில்லை.

பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு. பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கையேட்டில் ‘லேசான குறுகுறுப்பு’ என்று போட்டிருந்தார்களே, அதை எழுதியவர் அந்த விளக்குக்கு அடியில் படுத்திருக்க வாய்ப்பே இல்லை. கொதிக்கிற எண்ணெய் தெறித்த இடத்தில் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி இருந்தது. முதல் சில நிமிடங்கள்தான் மோசம். மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீர் ஸ்ப்ரேயும் ஓரளவு காப்பாற்றின. நெற்றியிலும் தலையிலும்தான் வலி அதிகம் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மரத்துப்போகும் க்ரீம் இதற்குப் பெரிதாக உதவாது. நரம்பை மரக்கவைக்கும் ஊசி உதவும். அதை நீங்களாகத்தான் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள். நடுவில் விளக்கை நிறுத்தச் சொல்லவும் தயங்காதீர்கள்.

இரண்டு நாள் அந்த இடத்தில் வெயிலோ பளிச்சென்ற விளக்கோ படக்கூடாது. வீங்கி, பொருக்கு கட்டி, உதிர்ந்தது. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. அதற்கு முந்தைய ராத்திரி தூக்கமில்லை.

மூன்று மாதப் பரிசோதனையில் திட்டு இல்லை. அந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த அழகுக்கு ஐந்துக்கு ஐந்து தரலாம்.

நிலைத்து நிற்பதில்தான் மார்க் குறைகிறது. நெதர்லாந்தில் 601 பேரை வைத்து இந்த ரகத்துக்கே நடத்திய ஆய்வில், ஐந்து வருடம் கழித்தும் புற்று இல்லாமல் இருந்தவர்கள் இமிக்விமோட் போட்டவர்களில் சுமார் 80%, இந்த ஒளி சிகிச்சை எடுத்தவர்களில் சுமார் 63%. ஒளி சில மில்லிமீட்டர் ஆழம்கூடப் போகாது என்பதால் தடித்த கட்டிக்கு இது சரிவராது. மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய்க்கு இந்தப் பேச்சே கிடையாது. நான் வருடக்கணக்கில் செக்கப்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

முகத்துக்கு மறுபடி வந்தாலும் இதையேதான் எடுப்பேன், ஊசி கேட்டு வாங்கிக்கொண்டு. முதுகில் வந்தால் கத்திதான். அங்கே தழும்பை யார் பார்க்கப் போகிறார்கள்?