ஒரே பட்டன், மூன்று கம்பெனிகள்

சாஃப்ட்வேர் துறையில், அடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கும் சர்வீஸ் கம்பெனி, சொந்த சாஃப்ட்வேரை விற்கும் பிராடக்ட் கம்பெனி, புதிதாக முளைத்த ஸ்டார்ட்அப் என்று மூன்றிலும் குப்பை கொட்டியிருக்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் சம்பளக் கணக்கு பேசாமல் ஒரு பட்டனின் கதையைத்தான் சொல்வேன். திரையில் 'சமர்ப்பி' என்று இருப்பதை 'அனுப்பு' என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல். இந்த மாதிரி வேலை மூன்று இடத்திலும் எனக்கு வந்தது.

சர்வீஸ் கம்பெனியில் முதல் கேள்வி, இது பிழையா, புது மாற்றமா என்பது. பிழை என்றால் நம் செலவு, மாற்றம் என்றால் கிளையன்ட் செலவு. இதற்கே இரண்டு நாள் மெயில் சண்டை. அப்புறம் எக்செல் ஷீட்டில் எஸ்டிமேட்: ஆய்வு, கோடிங், டெஸ்டிங், ஆவணம், மொத்தம் 16 மணி நேரம். ஒப்புதல் வந்தபோது கிளையன்ட் மனம் மாறி 'தொடர்க' என்று வைக்கச் சொல்லிவிட்டார். வெளியாட்களுக்கு இது கேலிக்கூத்து. ஆனால் அங்கே விற்பனைச் சரக்கே நம்முடைய நேரம்தான். அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைம்ஷீட்டில் 40 மணி நேரத்தையும் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் எண்ணின் கீழ் அடைத்தாக வேண்டும். புதிதாக ஒன்றைப் படித்த இரண்டு மணி நேரத்துக்கு அப்படி எண் கிடையாது.

பெஞ்சும் இதே கணக்குதான். பெஞ்ச் என்றால் ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது. அப்படிச் சம்பளம் வருவது முதல் வாரம் விடுமுறை போல இருக்கும். மூன்றாவது வாரம் ஹெச்ஆரிடமிருந்து மெயில் வந்தாலே வயிற்றைக் கலக்கும்.

இருந்தாலும் சர்வீஸ் கம்பெனியை மட்டம் தட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எதுவும் தெரியாமல் வருபவரை உட்காரவைத்து மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் பொறுமை அங்கேதான் இருக்கிறது. வங்கியும் காப்பீடும் உள்ளே எப்படி ஓடுகின்றன என்பதை நான் கற்றது அங்கேதான். குறை வேறு. நான் எழுதிய புரோகிராமை யார் பயன்படுத்துகிறார்கள், எப்படித் திட்டுகிறார்கள் என்று கடைசிவரை பார்க்கக் கிடைக்கவில்லை.

பிராடக்ட் கம்பெனியில் 'எதற்காக மாற்ற வேண்டும்?' என்று ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய பட்டன், பாதிப் பேருக்குப் புதியது, இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்கள். எழுதியதைச் சக பொறியாளர்கள் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில், ஒரு வரி மாற்றத்துக்கு 14 கமென்ட். எரிச்சலோடு படித்துக்கொண்டே போனால், ஒன்பதாவது கமென்ட்: 'ஜெர்மன் மொழிபெயர்ப்பு இந்தப் பட்டனுக்குள் அடங்காது.' உண்மைதான், அடங்கவில்லை. கோடிங் கற்றது எங்கே என்றால் அந்த மாதிரிக் கமென்ட்களில்தான் என்பேன்.

விலை இல்லாமல் இல்லை. எழுதியவரே அதை ஓட்டவும் வேண்டும் என்ற வழக்கத்தை அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகெல்ஸ் 2006-லேயே பேசினார். இப்போது பல இடங்களில் அதுதான் நடைமுறை. உங்கள் முறை வரும் வாரத்தில் ராத்திரி மூன்று மணிக்குப் போன் அலறினால் எழுந்து லேப்டாப்பைத் திறக்க வேண்டியதுதான். கூகுளில் சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுக்களில் இந்த மாதிரிப் பராமரிப்பு வேலை நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வரம்பே இல்லாத குழுவில் ஒருவர் செல்போன் சத்தத்தைக் கேட்டாலே துள்ளி எழும் நிலைக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அப்ரைசல் என்ற வருடாந்திர மதிப்பீட்டிலும் இரண்டு இடமும் வேறு வேறு. சர்வீஸில் கிளையன்ட் அனுப்பும் ஒரு பாராட்டு மெயில் வருடத்தையே காப்பாற்றிவிடும். பிராடக்டில் நீங்களே பக்கம் பக்கமாக உங்களைப் பற்றி எழுத வேண்டும், கூட வேலை செய்பவர்களும் எழுதுவார்கள். குழுவில் இத்தனை பேர் கடைசி வரிசையில் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. அதன் சாயல் எங்கே இருந்தாலும் அடுத்தவர் எழுதிய புரோகிராமை யாரும் மனசார ரிவ்யூ செய்யமாட்டார்கள்.

சரி, ஸ்டார்ட்அப். பத்து நிமிடத்தில் நானே மாற்றினேன், நானே, மக்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்‌ஷனில் ஏற்றினேன். அந்த மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, தினமும் ராத்திரி தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், அந்தப் பட்டனை 'சமர்ப்பி' என்ற எழுத்தை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது என்று. டெஸ்டர் கிடையாது. கண்டுபிடித்தது முதலாளி.

பங்கு தருகிறோம் என்பார்கள். வழக்கமான ஒப்பந்தம் நாலு வருடம், அதில் முதல் ஒரு வருடம் முடிந்தால்தான் முதல் பங்கு. பதினோராவது மாதம் விலகினால் கையில் ஒன்றும் நிற்காது. நின்றாலும் அது பங்கு அல்ல, குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. விலகியபின் வாங்க 90 நாள்தான் என்பது பரவலான நிபந்தனை. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்காதவர் முதல் வேலையாக இங்கே வரவேண்டாம் என்பது என் கருத்து.

பட்டன் மாதிரி சின்னதோ பெரியதோ, ஏதாவது உடைவது எல்லா இடத்திலும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஆறு மணி நேரத் தகவல் போனது. கம்பெனி மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, அறிக்கையில் அவர் பெயரைப் போடவில்லை. என் சர்வீஸ் நாட்களில் ஒரு ரிலீஸ் விழுந்தபோது கிளையன்டுக்குப் போன அறிக்கையின் இரண்டாவது வரியிலேயே என் பெயர் இருந்தது.

அதிலிருந்து எந்த இன்டர்வியூவிலும் கடைசியில் நானும் ஒன்று கேட்பேன்: இங்கே போன முறை புரொடக்‌ஷன் விழுந்தபோது என்ன ஆச்சு? ஒரு பெரிய பிராடக்ட் கம்பெனி மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒருவர் பெயரைச் சொல்லிப் பதிலை ஆரம்பித்தார். மூன்றில் எங்கும் பார்க்காத சம்பளம்தான். போகவில்லை.