அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்ட மூன்று வாரம்

இந்த முறை ஊரில் இருந்தது மூன்று வாரம். அதில் பாதி அம்மாவின் கண்ணோடு போனது. அம்மாவுக்கு நாலு வருடமாக கிளாக்கோமா, எங்கள் ஊர்ப் பேச்சில் 'கண்ணுல பிரஷர்'. காலையும் மாலையும் ஒரு மருந்து, ராத்திரி படுக்கும்போது இன்னொன்று. டொரண்டோவிலிருந்து போனில் கேட்டால், "விட்டுக்கிட்டுத்தான்பா இருக்கேன்" என்பார். நேரில் பார்த்தபோதுதான் அந்த மருந்து எங்கே விழுகிறது என்று தெரிந்தது.

திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து, நடுங்கும் கையால் பாட்டிலை அழுத்துவார். முதல் சொட்டு இமையில், அடுத்தது கன்னத்தில். மூன்றாவது கண்ணில் விழுந்ததும் படபடவென்று இமைத்து, முந்தானையால் துடைத்துவிட்டு, "தொண்டையெல்லாம் கசக்குது" என்று தண்ணீர் குடிப்பார். மாதம் முழுக்க வரவேண்டிய பாட்டில் பதினைந்து நாளில் காலி. அடுத்தது வாங்கும்வரை மருந்தே கிடையாது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது என்பதால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மருந்துக் கடை அனுபவம் அதைவிட வருத்தம். ராத்திரி மருந்து லட்டனோபிராஸ்ட். அம்மாவுக்கு எழுதிய வகையைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. வழக்கமாக வாங்கும் கடையில், சித்திரை வெயிலில், மேல் தட்டிலிருந்து எடுத்து நீட்டினார்கள். ஃபிரிட்ஜில் இருப்பதைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்." வாங்காமல் வந்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து மருந்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இதை வீட்டில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் மதுரை அண்ணா நகர் அரவிந்துக்குக் கூட்டிப்போனேன். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை. இன்று திருவிழாக் கூட்டம். ஆனாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பிரஷர் பார்த்து முடித்ததும் ஒரு சிஸ்டர் அம்மாவை உட்கார வைத்து, "எப்படி விடுவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். இத்தனை வருடத்தில் அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். கண்ணீர் வடியும் குழாய் அங்கேதான் இருக்கிறது. அதன் வழியாக மருந்து தொண்டைக்கு இறங்குவதால்தான் அந்தக் கசப்பு.

ஒழுங்காக விட்டாலும் ஒரு சொட்டு மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட கண்ணுக்குள் போவதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு மருந்து வைத்த காண்டாக்ட் லென்ஸ் நினைவுக்கு வந்தது. கண் அரிப்புக்குக் கெட்டோட்டிஃபென் சேர்த்த அக்யூவ்யூ தெராவிஷன் லென்ஸை 2021-ல் கனடாவும், 2022-ல் அமெரிக்காவும் அனுமதித்தன. ஒரு லென்ஸில் 0.019 மில்லிகிராம் மருந்து. காலையில் போட்டு அன்றே கழற்றி எறிவது. கிளாக்கோமாவுக்கு அப்படி ஒன்று வராதா என்று டாக்டரைக் கேட்டேன்.

ஆராய்ச்சி நடக்கிறது, கடைக்கு வரவில்லை என்றார். பாஸ்டனில் கண் மருத்துவர் ஜோசப் சியோலினோவின் குழு லட்டனோபிராஸ்ட் கலந்த மெல்லிய பாலிமர் படலத்தை லென்ஸின் ஓரத்தில் வளையமாகப் பதித்தது. நடுப்பகுதி தெளிவாக இருப்பதால் பார்வை மறைக்காது. கிளாக்கோமா உள்ள குரங்குகளுக்கு ஒரு வாரம் போட்டுப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவு மருந்து வைத்த லென்ஸே சொட்டு மருந்துக்கு ஈடாக அழுத்தத்தைக் குறைத்தது. கூடுதல் அளவு வைத்தது அதையும் மிஞ்சியது. வைட்டமின் ஈ-யை லென்ஸுக்குள் ஏற்றி, மருந்து மெதுவாகக் கசியும்படி செய்யும் வழியும் உண்டு.

டாக்டரின் கவலை வேறு. லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். வயல்வேலை செய்கிறவர்களுக்குப் பூஞ்சைப் புண் அடிக்கடி வரும் பகுதி இது. நியாயம்தான். ஆனாலும் என் மனதில் ஆசை இருக்கிறது. நடுங்கும் கை லென்ஸ் போட வேண்டாம். வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் அரவிந்த் நடத்தும் சின்னக் கண் பரிசோதனை மையமான விஷன் சென்டரின் சிஸ்டரே மாட்டிவிடட்டும். காசுள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்த, கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் உள்விழி லென்ஸை 1992 முதல் குறைந்த விலையில் செய்து கொடுக்கும் அரவிந்தின் ஆரோலேப் இருப்பதும் இதே மதுரையில்தானே.

கிளம்பும் நாள் காலையில் அம்மா தானாகவே மருந்து விட்டார். ஒரே சொட்டு. மூக்கோரத்தில் விரலை வைத்து, உதடு அசைய நூற்றி இருபது வரை எண்ணினார். கண்ணைத் திறந்ததும் சொன்னார்: "இன்னைக்குக் கசக்கலப்பா."